மஞ்சள் அட்டை தொலைந்துவிட்டால் ஆறு நாள் அடைத்து வைப்பார்களா?

கேள்வி: என் மகன் உகாண்டாவில் வேலை பார்க்கிறான். தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று வாரத்தில் சென்னை வருகிறான். 2014-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டான். அதற்குச் சான்றாகக் கொடுத்த மஞ்சள் அட்டை தொலைந்துவிட்டது. அது இல்லாமல் வந்தால் ஆறு நாள் தனிமைப்படுத்துவார்கள் என்று பயமாக இருக்கிறது. "பத்து வருஷம் முடிந்துவிட்டது, அது இருந்தாலும் செல்லாது. பழைய தேதி போட்டுப் புது அட்டை வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொன்ன முதல் விஷயமே தவறு. 2016 ஜூலை 11 முதல், மஞ்சள் காய்ச்சலுக்கு ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும். அதற்கு முன் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். பழைய அட்டையில் பத்து வருஷம் என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. இதைத் தெரிந்துகொண்டே "புதுப்பிக்க வேண்டும்" என்று காசு பிடுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஊசி போட்ட மையத்துக்கே போவது. மகனின் பாஸ்போர்ட் நகல், ஊசி போட்ட தேதி, அவர் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், பதிவேட்டைப் பார்த்து நகல் அட்டை தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய அட்டையை எப்போதாவது செல்போனில் படம் எடுத்திருந்தால் வேலை பாதி முடிந்தது. இன்றைக்கே கிளம்புங்கள்.

பதிவு கிடைக்கவில்லை என்றால், உகாண்டாவிலேயே அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் மகன் மறுபடி ஊசி போட்டுக்கொள்ளட்டும். உடம்புக்கு அது தேவையில்லை, அட்டைக்காக மட்டும்தான். புது அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும் என்பதால், மூன்று வாரம் இருக்கும்போதே முடிவெடுத்துவிட வேண்டும்.

தனிமைப்படுத்தல் பற்றிய பயத்துக்கு வருவோம். உகாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் உண்டு, நம் நாட்டில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, தெருவுக்குத் தெரு இருக்கிறது. ரத்தத்தில் கிருமியோடு வரும் ஒருவரை இங்குள்ள கொசு கடித்தால் போதும். நோய் உள்ள நாட்டில் கொசுக்கடி பட்டவருக்கு நோய் வெளிப்பட 3 முதல் 6 நாள் ஆகும். ஆறு நாள் கணக்கு வந்தது அதனால்தான். கொசு புகாத இடத்தில் வைத்துக் காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கல்யாண வீடு என்று கெஞ்சிப் பயனில்லை.

ஆனால் அந்த ஆறு நாள் சென்னையில் இறங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, நோய் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து. நோய் இல்லாத வேறொரு நாட்டில் நான்கு நாள் தங்கி வந்தால் இங்கே மிச்சம் இரண்டு நாள்தான். (அந்த நாடும் அட்டை கேட்குமா என்று முன்கூட்டியே பாருங்கள்.) அதேபோல் ஊசி போட்ட எட்டாம் நாள் வந்து இறங்கினால், அட்டை செல்லுபடியாகும் வரை இரண்டு நாள் மட்டும். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான் வைத்திருக்கலாம்.

அட்டை கைக்கு வந்ததும் ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், ஊசி போட்ட தேதி, மருந்து தயாரித்த நிறுவனம், பேட்ச் எண், மையத்தின் முத்திரை, மருத்துவரின் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ, அடித்துத் திருத்தியிருந்தாலோ, ஒயிட்னர் பட்டிருந்தாலோ அட்டையை நிராகரிக்கலாம். பழைய தேதி போட்ட போலி அட்டைகள் இங்கேதான் மாட்டுகின்றன. பேட்ச் எண்ணும் தேதியும் பதிவேட்டோடு ஒத்துப்போகாது. அப்போது ஆறு நாளோடு போகாது, போலி ஆவணம் என்ற வழக்கும் சேரும். ஏஜென்டின் போன் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

அட்டை இருக்கிறதா என்று விமானம் ஏறும் இடத்திலேயே எல்லோரிடமும் கேட்டால் இந்த அவதியே இல்லை. ஆள் அனுப்பும் நிறுவனங்களும் போகும்போது விசாவைப் பற்றித்தான் பேசுகின்றன, திரும்பி வருவதைப் பற்றிச் சொல்வதே இல்லை.

இன்னொன்று. உங்கள் மகன் உகாண்டாவிலேயே வசிப்பதால் இது அவருக்கு உதவாது, ஆனால் கூட வருபவர்களுக்கு உதவும். நோய் உள்ள நாட்டில் விமானம் மாறியவர்களும் இந்த விதிக்குள் வருவார்கள். விமான நிலையத்தை விட்டு ஒரு நிமிடமும் வெளியே போகாதவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதுவும் இங்குள்ள சுகாதார அதிகாரி ஒப்புக்கொண்டால்தான். விமானம் தாமதமாகி, விமான நிறுவனமே ஊருக்குள் ஓட்டலில் தங்க வைத்திருந்தால் விலக்கு போச்சு. பாஸ்போர்ட்டில் அந்த நாட்டு நுழைவு முத்திரை விழுந்திருந்தால் வாதாடவே முடியாது. இரண்டு விமானங்களின் போர்டிங் பாஸையும் சென்னையில் வெளியே வரும்வரை கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.