பெங்களூரைச் சுற்றி ரயில் ஓடாத பழைய பாதைகளில் கிடக்கும் தந்திக் கம்பத்துப் பீங்கான்களை எடுத்துச் சேகரிப்பது குற்றமா?

நீங்கள் அண்மையில் எங்கோ பாதையோரம் நடந்திருக்கிறீர்கள். சாய்ந்து கிடந்த கம்பத்தில், கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று வெள்ளையாகக் கண்ணில் பட்டிருக்கிறது. கை பரபரத்திருக்கிறது. வீட்டில் யாரோ “ரயில்வே சொத்து, தொடாதே” என்று மிரட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

குற்றம்தான். ரயில் ஓடவில்லை என்பதால் நிலமும் கம்பமும் ஊர்ப்பொது ஆகிவிடாது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிப்பதற்கென்றே 1966இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. முதல் முறை பிடிபட்டாலே 5 ஆண்டு வரை சிறை. அத்துமீறி நுழைந்ததற்குத் தனியாக 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு மர பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இதை என்னை ஒப்பிக்கச் சொன்னார்கள். அதனால் மறக்கவில்லை.

நான் கோலார் தங்கவயல்காரன். அப்பாவுக்கு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை. மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை போகும் பாதையோரக் கம்பங்களில் காதை வைத்துக் கேட்பது எங்கள் விளையாட்டு. உள்ளே ஒரு ரீங்காரம் கேட்கும். யாருக்கோ தந்தி போகிறது என்று சத்தியம் செய்வோம். காற்றில் கம்பி அதிர்வது கம்பத்தில் இறங்குகிறது, வேறொன்றும் இல்லை என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. இன்னொரு விளையாட்டு கவட்டையால் பீங்கானைக் குறிபார்த்து அடிப்பது. நான் உடைத்தது மூன்று. அதற்குத்தான் இப்போது பிராயச்சித்தம் செய்கிறேன் என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அந்தக் கம்பிகளில் தந்தி மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் இருக்க, அடுத்த நிலையத்துக்காரர் அங்கிருந்து சம்மதித்தால்தான் இங்கே கருவியிலிருந்து டோக்கன் பந்து வெளியே விழும்; அது கையில் இருந்தால்தான் ஓட்டுநர் வண்டியை எடுக்கலாம். அந்தச் சம்மதம் போனதும் இந்தக் கம்பிகளில்தான். மழைநாளில் கம்பியின் மின்சாரம் ஈரக் கம்பத்தின் வழியே மண்ணுக்குள் கசிந்துவிட்டால் எல்லாம் கெட்டது. பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள்: ஒரு குடைக்குள் இன்னொரு குடை இருக்கும். வெளிக்குடை நனைந்தாலும் உட்குடையின் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கும். கசிவு அங்கே நின்றுவிடும். நடுவில் திருகுமரை, அதில் இரும்புத் தண்டு. இவ்வளவுதான் சூட்சுமம்.

இணையத்தில் அமெரிக்கக்காரர்களின் கண்ணாடிக் குமிழ்களைப் பார்த்துவிட்டு நீலமும் பச்சையுமாகக் கற்பனை செய்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஹெமிங்ரே போன்ற கம்பெனிகள் வார்த்த கண்ணாடி. நம் பக்கம் பெரும்பாலும் பீங்கான். வெள்ளை, அல்லது காப்பிக் கொட்டை நிறம். லண்டன் முத்திரை இருந்தால்தான் மதிப்பு என்று ஒரு கூட்டம் அலைகிறது. எனக்கு அது பிடிக்காது. இங்கே மல்லேஸ்வரம் பக்கம், இந்திய அறிவியல் கழகத்துக்கு அருகிலேயே, மைசூர் சமஸ்தானம் 1930களில் ஒரு பீங்கான் தொழிற்சாலை நடத்தியது. மின்கம்பத்துக்கான பீங்கான்களை அங்கே சுட்டார்கள். பிற்காலத்தில் அது பெல் (BHEL) நிறுவனத்தின் கைக்குப் போனது. வீட்டு வாசலில் சுட்டதை விட்டுவிட்டு லண்டன் சரக்கைத் தேடுவானேன்?

மின்கம்பம் என்றதும் ஒரு எச்சரிக்கை. மின்சாரக் கம்பத்துப் பீங்கானையும் தந்திப் பீங்கானையும் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மின்கம்பத்தின் பக்கமே போகாதீர்கள். (சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து 1902இல் எங்கள் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே 1905இல்தான். கேட்கவில்லை என்றாலும் இதை நாங்கள் சொல்லியே தீருவோம்.)

இப்போது பெஞ்சுக்கு வருகிறேன். 2006, மாசி மாதம். ஊருக்குப் போனவன் சும்மா இருக்காமல், எங்கள் ஊர்ப் பாதையோரமாகவே ஒரு துணிப்பையுடன் நடந்தேன். கம்பத்தில் ஏறவில்லை, எதையும் கழற்றவில்லை. அடியில் விழுந்து கிடந்த ஆறு பீங்கான்களைத்தான் எடுத்தேன். ‘விழுந்ததை எடுத்தாலும் திருட்டுதான்’ என்று கீழே எழுத வருகிறவர்களே, எழுதத் தேவையில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் என் முட்டாள்தனம். ரயில்வே காவலர் ஒருவர் பையை வாங்கி, செப்புக் கம்பி இருக்கும் என்று நினைத்துத் தரையில் கவிழ்த்தார். உருண்டவை பீங்கான்கள்.

நிலையத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். பேச்சில் வடாற்காடு மணந்தது. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இதை எந்தக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள்?”

“யாரும் எடுக்க மாட்டார்கள் ஐயா.”

“பிறகு எதற்கு?”

“வைத்துப் பார்க்க.”

அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான். விற்கத் திருடியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். நாற்பதைத் தாண்டிய ஒருவன் வைத்துப் பார்க்கத் திருடினேன் என்றால் யார் நம்புவார்? சட்டப் பாடம் முடிந்ததும் வழக்குப் போடாமல் ஒரு தண்டனை கொடுத்தார். எந்தெந்தக் கம்பத்தடியில் எடுத்தேனோ அங்கேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். காவலர் துணைக்கு வந்தார். பொழுது சாய்கிற நேரம், முள்ளும் சரளைக் கல்லும். ஐந்தை வைத்துவிட்டேன். ஆறாவது எந்தக் கம்பத்தினுடையது என்று நினைவில்லை. “ஏதோ ஒன்றில் வைத்துத் தொலையுங்கள் சார், எனக்கு டூட்டி முடியப் போகிறது” என்றார் அவர். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டே திரும்பி நடந்தேன். அன்றோடு பாதையில் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என்னிடம் இருப்பவை நாற்பத்து மூன்று. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை, அல்லது கேட்டு வாங்கியவை. சிக்பேட்டை ஞாயிற்றுச் சந்தையில் சில, ஜாலி மொகல்லாவின் பழைய இரும்புக் கடைகளில் பல. துருப்பிடித்த தண்டோடு வந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள், பீங்கான் விரிசல் விட்டுவிடும். எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். துருக்கறைக்குப் புளிக்கரைசலும் தேங்காய் நாரும் போதும்.

அந்த நாற்பத்து மூன்றையும் வீட்டு வாசலை ஒட்டிய இரும்பு அலமாரியில் வைத்திருந்தேன். எங்கள் அடுக்குமாடிச் சங்கம் ‘நடைபாதையில் தேவையற்ற பொருள்கள்’ என்று கடிதம் கொடுத்தது. அதே சங்கத்தின் செயலாளர் வீட்டு ஓட்டப்பயிற்சி இயந்திரம் மூன்று வருடமாக மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது, அதன்மேல் துணி காய்கிறது. தண்ணீர் லாரிக்கு மாதாமாதம் கூடுதலாக வாங்குகிறார்களே, அதன் கணக்கைக் கேட்டால் அடுத்த கூட்டத்தில் என்பார்கள். அந்த அடுத்த கூட்டம் வந்ததே இல்லை. சரி, இது உங்கள் கேள்வியில் இல்லை. அலமாரி இப்போது படுக்கையறையில் இருக்கிறது.

கேட்டு வாங்குவது என்றேனே, அதற்கு ஒன்று சொல்கிறேன். சிக்கபள்ளாபூருக்கும் கோலாருக்கும் நடுவே முன்பு இரண்டரை அடி அகலக் குறும்பாதை ஒன்று இருந்தது. 2013இல் அகலப்பாதையாகத் திறப்பதற்கு முன் பல வருடம் அங்கே ரயில் இல்லை. 2009இல் சிந்தாமணி பக்கம் போயிருந்தேன், கையில் பை இல்லாமல். பழைய பாதைக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருவர் பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். கையில் உலக்கையாக இருந்தது காப்பி நிறத் தந்திப் பீங்கான்! கொண்டைப் பகுதி இடித்து இடித்து மெருகேறி மின்னியது. எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் விலை கேட்டேன். சிரித்தார். அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து சின்னதாக ஒரு கல்லுரலும் குழவியும் வாங்கிப் போனேன், மாற்றிக்கொள்ளலாம் என்று.

பாட்டி குழவியைப் பிடித்து நாலு பாக்கு இடித்துப் பார்த்தார். உரலை வைத்துக்கொண்டார். குழவி கையில் நிற்கவில்லை என்று அதை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீங்கானால் இடிக்கத் தொடங்கினார்.