கேன்வஸில் மங்கு நிற்குமா? கைவினைக் கேள்வி பதில்

தாள், லேஸ், பொத்தான், பழைய சாவி, வண்ணம் எல்லாவற்றையும் ஒரே கேன்வஸில் அடுக்கடுக்காக ஏற்றிப் பழம்பொருள்போலத் தோன்றவைக்கும் மிக்ஸ்டு மீடியா வேலையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், கிடைக்கும் பொருள்களை வைத்தே செய்யப் பார்க்கிறார்கள்: மரத்துப் பால், அதைப் பிடிக்கும் கிண்ணமான மங்கு, இலை, கொட்டை. ஆகவே இந்த இதழ் அவர்களுக்கு.

*முதன்முதலாகச் செய்கிறேன் அக்கா. லேஸ், பொத்தான், இரண்டு சாவி, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த கொக்கிகள் கையில் இருக்கின்றன. இன்னும் என்ன வாங்க வேண்டும்? எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும்? (வாசகி, சுங்கை சிப்புட்)*

30க்கு 40 சென்டிமீட்டர் கேன்வஸ் ஒன்றில் தொடங்குங்கள். அதைவிடச் சிறியதில் பொருள்கள் நெருக்கியடிக்கும். பெரியதில் வெற்றிடத்தை நிரப்பத் தெரியாமல் கண்டதையும் ஒட்டத் தோன்றும். 100 மில்லி வெள்ளை ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு), அதே அளவு மேட் ஜெல் மீடியம் (பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை), சிறிய டப்பா மாடலிங் பேஸ்ட் (மேடாக எழும் கெட்டிப் பூச்சு), மூன்று அக்ரிலிக் வண்ணம், தண்ணீர் தெளிக்கும் குப்பி போதும். வண்ணங்கள் கரும்பழுப்பு, காவி மஞ்சள், களிம்பேறிய செம்பின் நீலப்பச்சை. தூரிகையும், வடிவம் வெட்டிய தகடான ஸ்டென்சிலும் டிஐஒய் கடையில் கிடைக்கும். ஜெல் மீடியம் அங்கே இல்லையென்றால் ஈப்போவில் ஓவியப் பொருள் கடையில் கேளுங்கள், அல்லது இணையத்தில் வாங்குங்கள். அதற்குப் பதிலாகப் பள்ளிக்கூட வெள்ளைப் பசையை வைத்து முழுப் படத்தையும் செய்யாதீர்கள். காய்ந்த பிறகும் அது ஈரம் பட்டால் இளகும்.

ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு, ஒன்று குறுக்கே, மற்றது நெடுக. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். அடுத்து தாள்கள். கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். கிழிந்த விளிம்பு அடுத்த தாளோடு கலந்துவிடும், வெட்டிய விளிம்போ எத்தனை வண்ணம் பூசினாலும் கோடாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தாளுக்கு அடியிலும் மேலும் ஜெல் மீடியம் பூசிப் பழைய அட்டையால் காற்றை வழித்து வெளியேற்றுங்கள். தாள் காய்ந்த பிறகு ஸ்டென்சில் வைத்து மாடலிங் பேஸ்ட்டை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழுத்து, ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பொருள்களை ஒட்டுவதற்கு முன் கேன்வஸில் பரப்பிக் கைப்பேசியில் படம் எடுத்துப் பாருங்கள். நேரில் தெரியாத நெருக்கடி படத்தில் தெரியும். பெரியது ஒன்று, நடுத்தரம் மூன்று, மற்றவை பொடி. இவற்றை நடுவில் வைக்காமல் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஓடவிடுங்கள். லேஸுக்கு ஜெல் மீடியம் போதும். சாவியையும் கொக்கியையும் கெட்டியான ஜெல்லில் பாதி புதையும்படி அழுத்துங்கள்.

பலர் தாண்டிப்போகும் கட்டம் இனிதான் வருகிறது. ஒட்டிய பொருள்கள்மேலும் ஜெஸ்ஸோ பூச வேண்டும். சாவி, லேஸ், பொத்தான் எல்லாம் ஒரே வெள்ளையாகி, ஒரே பொருளில் செதுக்கியதுபோல் ஆகும். 'நல்ல சாவியை வெள்ளையடிப்பதா?' என்று மனம் வராதவர்களின் கேன்வஸ் கடைசிவரை பொருள் ஒட்டிய பலகையாகவே தெரிகிறது. ஜெஸ்ஸோ காய்ந்த பிறகு கரும்பழுப்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றி, பள்ளங்களில் இறங்கியதும் மேடுகளை ஈரத்துணியால் துடையுங்கள். கடைசியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளையைத் தொட்டு மேடுகளில் மட்டும் உரசுங்கள். பொன்னிற மெழுகு இருந்தால் விரல்நுனியால் இரண்டு மூன்று இடத்தில் மட்டும்.

*என் படம் முழுவதும் சேற்று நிறமாகிவிடுகிறது. ஏன்? (வாசகி, சுங்கை சிப்புட்)*

ஒரு வண்ணம் காயும் முன் அடுத்ததைப் போடுகிறீர்கள். காவியும் நீலப்பச்சையும் ஈரத்தில் சந்தித்தால் சேறுதான். ஒவ்வொரு பூச்சையும் ஹேர் டிரையரால் காயவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்று வண்ணத்துக்கு மேல் வேண்டாம்.

*வண்ணத்தில் பழைய சுவர்போல் வெடிப்பு வரவைக்கப் பார்த்தேன். ஒரு முறை வெடிக்கவே இல்லை. மறுமுறை வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. (வாசகர், கோலகங்சார்)*

எந்த முறையில் செய்தீர்கள் என்று எழுதவில்லை. இரண்டையும் சொல்லிவிடுகிறோம்.

வெள்ளைப் பசை முறையில், காய்ந்த அடர்நிறத்தின் மேல் பசையைக் கனமாகப் பூச வேண்டும். மேலே தோல் கட்டி, தொட்டால் விரலில் ஒட்டும் பதத்தில், வெளிர் அக்ரிலிக்கை ஒரே இழுப்பில் பூசுங்கள். பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் அந்தப் பதம் வரும், மழை நாளில் இன்னும் பிந்தும். மேலே உள்ள வண்ணம் முதலில் உலர்ந்து சுருங்குகிறது. அடியில் பசை இன்னும் வழுக்கும் நிலையில் இருப்பதால் வண்ணம் பிளந்து விலகுகிறது. பசை முழுக்கக் காய்ந்திருந்தால் வழுக்காது, வெடிப்பும் வராது. பூசிய இடத்தில் மறுபடி தூரிகை வைத்தாலும் எல்லாம் குழம்பிவிடும். பசை கனமாக இருந்தால் வெடிப்பு பெரிதாக வரும்.

வெடிப்புக்கென்றே விற்கும் கிராக்கிள் பேஸ்ட் வேறு. அது தன் கனத்தாலேயே வெடிக்கும், ஆகவே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது வேண்டும். மெல்லப் பூசினால் சும்மா சுவர்ப்பூச்சாக நின்றுவிடும். உதிர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கேன்வஸ் துணிதான். விரல் பட்டாலே துணி தொய்கிறது, காய்ந்த பேஸ்ட் வளையாது. பலகையில் ஒட்டிய கேன்வஸ் வாங்குங்கள், அல்லது சட்டத்துக்குப் பின்னால் துணியைத் தாங்கும்படி அட்டையைச் செருகுங்கள். இரண்டு முறையிலும், வெடித்துக் காய்ந்த பிறகு மேட் மீடியத்தைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து மெல்லப் பூசி, அது காய்ந்த பின்னரே பழுப்பு நீரை வெடிப்புக்குள் விடுங்கள்.

*எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பால்மரம். பசைக்குப் பதில் பாலையே ஊற்றி, தாத்தா வைத்திருந்த 1940ஆம் ஆண்டுச் சதுர ஒரு காசு நாணயத்தை ஒட்டலாமா? (வாசகி, சுங்கை சிப்புட் அருகில் ஒரு தோட்டம்)*

இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. அந்தச் சதுரக் காசு வெண்கலம், அதில் பெரும்பங்கு செம்பு. செம்பு பட்டால் இயற்கை ரப்பர் விரைவில் கெடும், பிசுபிசுத்துப் பின் பொடியும். செம்பே இல்லாவிட்டாலும் பால் பசையாகாது. மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் புரதமும் சர்க்கரையும். அம்மோனியா சேர்க்காத பால் ஒரு நாளுக்குள் உறைந்து நாறும். காய்ந்த படலம் வெளிச்சத்தில் மஞ்சளாகிப் பழுப்பாகும். மரத்து வெட்டுக்கோட்டில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்து அலங்காரமாக வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதே பதில். அந்தத் தோற்றம் வேண்டுமானால் பருத்தி நூலை ஜெல் மீடியத்தில் நனைத்துச் சாய்வாக ஒட்டுங்கள், வித்தியாசம் தெரியாது.

ஆனால் பாலுக்கு இந்த வேலையில் அருமையான இடம் ஒன்று இருக்கிறது. வண்ணம் படாமல் ஓர் இடத்தை மறைத்துவைக்கக் கடையில் விலை கொடுத்து வாங்கும் மாஸ்கிங் திரவத்தின் மூலப்பொருளே ரப்பர் பால்தான். அம்மோனியா சேர்த்த பாலைக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த வெளிர்நிறப் பூச்சின் மேல் புள்ளியாகவும் கோடாகவும் வையுங்கள். பால்வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் ஆனதும் அதன்மேல் அடர்நிறம் பூசுங்கள். அதுவும் காய்ந்த பிறகு விரலால் உருட்டி எடுத்தால், பழைய தகரத்தில் பெயின்ட் உரிந்ததுபோல் அடிநிறம் எட்டிப்பார்க்கும். அதே நாளில் உரித்துவிடுங்கள், நாள்பட்டால் வராது. மீடியம் பூசாத வெறும் தாளில் வைத்தால் தாளே கிழிந்து வரும். தூரிகையை முதலில் சோப்பில் தோய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மயிர் ஒட்டிக்கொண்டு தூரிகை போய்விடும். சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு வருபவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

நாணயத்தைக் கெட்டி ஜெல்லில் பதியுங்கள். அதன்மேல் மட்டும் ஜெஸ்ஸோ வேண்டாம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம்.

*தாத்தா பாட்டி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நிற்கும் கறுப்புவெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது. பிரிண்ட் எடுத்து ஒட்டினேன், முகமெல்லாம் நீலமாகக் கசிந்துவிட்டது. அசலையே ஒட்டிவிடலாமா? (வாசகர், ஈப்போ)*

அசலைத் தொடாதீர்கள். பழைய புகைப்படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு, ஈரம் பட்டால் ஊதிக் கழன்று வரும். ஒட்டியதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பழைய தமிழ் நேசன் பக்கங்களை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. நகல் எடுத்து நகலைக் கிழியுங்கள்.

உங்கள் பிரிண்ட் கசிந்தது இங்க்ஜெட் என்பதால். அந்த மை நீரில் கரையும். படத்தை 300 டிபிஐயில், பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600இல், ஸ்கேன் செய்து நகல் கடையில் லேசர் பிரிண்ட் எடுங்கள். லேசரின் டோனர் சூட்டில் உருகித் தாளில் பிடித்த பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது.

அப்படியே ஒட்டலாம். இன்னும் அழகாக வேண்டுமானால் படத்தை மட்டும் கேன்வஸுக்கு மாற்றுங்கள். இடவலம் மாற்றிப் பிரிண்ட் எடுங்கள், படத்தில் எழுத்து இருந்தால் இது மிக முக்கியம். கேன்வஸில் ஜெல் மீடியத்தைச் சீராகப் பூசி, படத்தைக் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு ஈரப் பஞ்சால் தாளை நனைத்து, விரல்நுனியால் சிறு வட்டமாகத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உருண்டு வரும். ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் டோனரும் சேர்ந்து போகும். காயவிட்டுப் பாருங்கள், வெள்ளை மூட்டம் தெரியும் இடத்தை மட்டும் மறுபடி நனைத்துத் தேயுங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய மூட்டம் மீடியம் ஒரு பூச்சு பட்டதும் மறைந்துவிடும். விளிம்புகள் அங்கங்கே தேய்ந்து போவது நல்லதுதான், முகத்தில் மட்டும் கவனம்.

*கோப்பியில் நனைத்துப் பழுப்பாக்கிய தாளில் எறும்பு வருகிறது. ஒரு மூலையில் பூஞ்சையும் பிடித்துவிட்டது. (வாசகி, கோலகங்சார்)*

நம் ஊர்க் கோப்பித்தூளைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறார்கள். நீங்கள் சீனி போடாவிட்டாலும் தூளிலேயே இனிப்பும் கொழுப்பும் இருக்கின்றன, எறும்புக்கு அது போதும். கொழுப்பு பட்ட இடத்தில் வண்ணமும் சரியாகப் பிடிக்காது. தேயிலைக்கு மாறுங்கள். 250 மில்லி கொதிநீரில் நான்கு தேநீர்ப் பைகள், பத்து நிமிடம் ஊறவிட்டு, ஆறியதும் தாளை ஐந்து நிமிடம் நனைத்து எடுங்கள். தாளில் சொட்டு ஈரமும் இல்லாதபடி துணி வைத்து இஸ்திரி போட்டு, இரண்டு பக்கமும் மேட் மீடியம் பூசி மூடிய பிறகே ஒட்டுங்கள். நமது ஈரக்காற்றில் மூடாத தாள் பூஞ்சைக்குப் போட்ட சாப்பாடு. நிறம் பல ஆண்டு நிலைக்க வேண்டுமென்றால் தேயிலையையும் விட்டுவிட்டுக் கரைத்த கரும்பழுப்பு அக்ரிலிக்கே பூசுங்கள்.

பூஞ்சை பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு தாள் ஒட்டுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம், அது அக்ரிலிக்கை இளக்கிவிடும்.

*பீங்கான் மங்கு ஒன்றை ஒட்டினேன். இரண்டாம் நாள் துணியையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. (வாசகர், சுங்கை சிப்புட்)*

கேன்வஸ் துணி மங்கைத் தாங்காது. அசல் மங்குதான் வேண்டுமென்றால் ஆறு மில்லிமீட்டர் எம்டிஎப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) செய்யுங்கள். மங்கில் பலகையைத் தொடும் இடத்து மினுக்கத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இரண்டு குழாயாக வரும் ஏபி பசையைப் போட்டு, பலகையைப் படுக்கவைத்தபடியே ஒரு நாள் விடுங்கள். கழுத்தைச் சுற்றி மெல்லிய கம்பி கட்டிப் பலகையின் பின்புறம் முறுக்கிவிட்டால் கவலையில்லை.

எங்களைக் கேட்டால் காகித மங்குதான் நல்லது. மங்கின் வெளிப்புறத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கிழித்த நாளிதழை வெள்ளைப் பசையில் தோய்த்து ஆறு அடுக்கு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துக் கழற்றி, நெடுக இரண்டாக வெட்டினால் இரண்டு அரை மங்குகள். தட்டையான வெட்டுவாய் கேன்வஸில் ஒழுங்காக உட்காரும், எடையும் இல்லை. உள்ளே வெளியே ஜெஸ்ஸோ பூசி, உள்விளிம்பில் பால் வழிந்ததுபோல் மாடலிங் பேஸ்ட் ஒரு கோடு இழுங்கள்.

*பால்மரத்து இலையை நரம்பு மட்டும் தெரியும்படி எப்படி எடுப்பது? கொட்டையையும் ஒட்டலாமா? (வாசகி, சுங்கை சிப்புட் அருகில் ஒரு தோட்டம்)*

முற்றிய பச்சை இலை வேண்டும். துளிரும் சருகும் கிழிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைக் கோப்பை சலவைச் சோடா போட்டு, சிறு தீயில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியச் சட்டியைச் சோடா அரித்துவிடும். அந்தப் பாத்திரத்தில் அப்புறம் சமைக்க வேண்டாம். கையுறை போட்டு இலையை அலசி, தட்டில் கொஞ்சம் தண்ணீரில் பரப்பி, மென்மையான பல்துலக்கியால் நடுநரம்பிலிருந்து வெளியே தட்டித் தட்டிச் சதையை எடுங்கள். சதை வழுக்கி வராவிட்டால் இன்னும் வேக வேண்டும், அழுத்தித் தேய்த்தால் நரம்பு அறும். டிஷ்யூ தாளுக்கு நடுவில் வைத்துப் புத்தகத்தடியில் அழுத்தி உலர்த்துங்கள்.

கொட்டையை முழுதாக ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பருப்பு எண்ணெய்ப் பசையுள்ளது, சிக்கு வாடை அடிக்கும், பூச்சி துளைக்கும். அது விஷமும்கூட, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சிதறவிடக் கூடாது. பிளந்து பருப்பை எறிந்துவிட்டு, ஓட்டை மட்டும் கழுவி வெயிலில் காயவைத்து ஒட்டுங்கள். அந்த ஓட்டின் புள்ளிக்கோலத்தை ஜெஸ்ஸோவால் மறைத்துவிடாதீர்கள்.

*கடைசியில் வார்னிஷ் அடித்ததும் படம் முழுக்கப் புகை படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. (வாசகர், ஈப்போ)*

மழைக்காற்றில் அடித்திருப்பீர்கள், அல்லது உள்ளே பேஸ்ட் காயாமல் இருந்திருக்கும். கனமான இடங்கள் உள்ளே உலர மூன்று நாளாவது விடுங்கள். வெயில் ஏறிய முற்பகலில், மேட் வார்னிஷை மெல்லியதாக இரண்டு பூச்சு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சில மணி நேரம் விட்டு அடியுங்கள். சமையலறையிலும் மழைச்சாரல் படும் வெளிச்சுவரின் உள்பக்கத்திலும் மாட்டாதீர்கள். சட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் பின்பக்கம் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும்.