ஒரே காற்று வேகம், ஆறு வெவ்வேறு விடைகள்: எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி: முதுநிலைப் பொறியியல் ஆய்வுக்காக, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009இல் வெளியிட்ட 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையை ஓப்பன்ஃபாஸ்ட் மென்பொருளில் இயக்கிப் பார்க்கிறேன். சராசரிக் காற்று வேகத்தை நொடிக்கு 12 மீட்டராகவே வைத்து, கொந்தளிப்பான காற்றை உருவாக்கித் தரும் டர்ப்சிம் நிரலில் விதை எண்ணை (தற்செயல் எண்வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) மட்டும் மாற்றினாலும், கோபுரத்தின் அடியில் உண்டாகும் உச்ச வளைவுத் திருப்புத்திறன் ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறது. என் கணக்கீட்டில் பிழை உள்ளதா?

பதில்: விடைகள் மாறுவது மட்டுமே பிழைக்கு அடையாளம் ஆகாது; மாறாமல் இருந்திருந்தால்தான் ஐயப்பட வேண்டும். காற்றின் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு ஆற்றல் இருக்க வேண்டும் என்பதைக் கைமல் நிறமாலை என்ற வாய்பாடு முடிவு செய்கிறது. அந்த அலைகள் எந்தக் கணத்தில் ஒன்றுகூடி எழும் என்பதைத்தான் விதை எண் முடிவு செய்கிறது. காற்றாலை வடிவமைப்புக்கான ஐஇசி 61400-1 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி, சுழலி மையத்தின் உயரத்தில் கொந்தளிப்புக்கான நீள அளவு சுமார் 340 மீட்டர் என்பதால், 12 மீட்டர் வேகத்தில் ஆற்றல் மிகுந்த அலையின் காலம் ஏறத்தாழ 113 நொடி. அதாவது, உங்கள் 10 நிமிடப் பதிவில் அத்தகைய பெரிய அலைகள் ஐந்துக்குச் சற்றுக் கூடுதலாகவே அடங்கும். நாணயத்தை ஐந்து முறை சுண்டிவிட்டு அதன் இயல்பைச் சொல்லிவிட முடியாது அல்லவா?

நீங்கள் தேர்ந்தெடுத்த வேகமும் சிக்கலானது. இந்தக் காற்றாலை முழுத் திறனை எட்டும் வேகம் நொடிக்கு 11.4 மீட்டர், காற்று சுழலியைத் தள்ளும் விசை உச்சத்தை அடைவதும் அங்கேதான். அதே தரநிலை நடுத்தரமானதாக வகுத்த பி வகைக் கொந்தளிப்பில் 12 மீட்டர் சராசரிக்குத் திட்ட விலக்கம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால், காற்று அந்த எல்லைக்கு மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்க, கட்டுப்பாட்டு அமைப்பும் இறக்கைகளைத் திருப்புவதும் விடுவதுமாக இருக்கும். எந்தக் காற்றுவீச்சு எந்தக் கணத்தில் வருகிறது என்பது இங்கே பெரிதும் பொருட்படும்.

ஆனாலும், பிழையே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலாவது கைக்கணக்கு. உச்சத் தள்ளுவிசை சுமார் 800 கிலோநியூட்டன், சுழலி மையத்தின் உயரம் 90 மீட்டர். பெருக்கினால் கோபுர அடியில் சுமார் 72,000 கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது. உங்கள் விடைகள் இதே அளவில் இல்லாமல் பத்து மடங்கு விலகி நின்றால், குற்றம் விதை எண்ணுடையதன்று.

இரண்டாவது, கோபுரச் சுமையின் நிறமாலையைப் பார்ப்பது. சுழலி நிமிடத்துக்கு 12.1 முறை சுற்றுவதால், ஓர் இறக்கை காற்றின் வலுவான பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிச் செல்லும்போது 0.2 ஹெர்ட்ஸில் அதிர்வு உண்டாகிறது. மூன்று இறக்கைகளும் ஒரேபோல் இருந்தால் கோபுரம் இதைப் பெரும்பாலும் உணராது, 0.6 ஹெர்ட்ஸைத்தான் உணரும். கோபுரத்தின் முதல் இயல்பதிர்வெண்ணான சுமார் 0.32 ஹெர்ட்ஸ் இவ்விரண்டுக்கும் நடுவே அமையும்படி வடிவமைத்திருப்பதே ஒத்ததிர்வைத் தவிர்க்கத்தான். கோபுர அடியில் 0.2 ஹெர்ட்ஸில் பெரிய முகடு தெரிந்தால், ஏதோ ஓர் இறக்கையின் நிறையையோ திருப்புக் கோணத்தையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கருதலாம். தொடக்கத் தடுமாற்றமும் முகடாக வந்து ஏமாற்றும். ஆகவே, சுழற்சி வேகத்தை 12.1 என்றும் இறக்கைக் கோணத்தைச் சுமார் 3.8 பாகை என்றும் கொடுத்துத் தொடங்கி, 660 நொடி ஓட்டி, முதல் 60 நொடியைக் கழித்துவிடுங்கள்.

இனி எண்ணிக்கை. சோர்வுச் சுமைக்கு (மீண்டும் மீண்டும் ஏறி இறங்கிப் பொருளைத் தளர்த்தும் சுமை) ஒவ்வொரு சராசரி வேகத்திலும் குறைந்தது ஆறு 10 நிமிடப் பதிவுகள் வேண்டும் என்பதே வழக்கம். கோபுர எஃகுக்கு அது பெரும்பாலும் போதும். கண்ணாடியிழை இறக்கைக்கு நான் ஆறோடு நிறுத்த மாட்டேன்: சேதம் சுமை வீச்சின் ஓர் அடுக்காக வளர்வதால், வீச்சு 10 சதவீதம் கூடினால், அடுக்கு 4 கொண்ட எஃகில் சேதம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது, அடுக்கு 10 கொண்ட இறக்கையில் இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. ஒரே ஒரு பெரிய வீச்சு அங்கே முழுக் கணக்கையும் மாற்றிவிடும். உச்சச் சுமையோ, ஆறு பதிவுகளில் மிகப் பெரியதைப் பொறுக்கி எடுக்கும் காரியமன்று. பதிவுகளின் உச்சங்களுக்கு ஒரு பரவலைப் பொருத்தி, 50 ஆண்டுக்கு ஒரு முறை நேரும் அளவுக்கு நீட்டிக் கணிக்க வேண்டும்.

இரண்டு கட்டுப்பாட்டு முறைகளை ஒப்பிடுவது உங்கள் ஆய்வின் நோக்கமாக இருந்தால், இரண்டுக்கும் அதே ஆறு காற்றுக் கோப்புகளையே கொடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக வேறுபாட்டைக் கணக்கிடுங்கள்.