என் கார் எரிந்ததில் பக்கத்துக் கார்களும் போயின. எல்லா நஷ்டமும் என் தலையிலா?

கேள்வி: ஐயா, நான் சென்னை மேடவாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு, ஏழு மணிக்கே தரைத்தளப் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு வந்த என் 2018 மாடல் பெட்ரோல் காரின் பானெட்டிலிருந்து 1.40 மணியளவில் புகை கிளம்பித் தீப்பிடித்துவிட்டது. தீயணைப்பு வண்டி வருவதற்குள் என் காரும், பக்கத்திலிருந்த என் ஸ்கூட்டரும், வலப்பக்கம் நின்ற செடானும் எரிந்துபோயின. இடப்பக்கம் நின்ற எதிர்வீட்டுப் பெரியவரின் பழைய காரில் கதவும் பம்பரும் உருகி, ஒர்க்‌ஷாப்பில் 1,85,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் போர்டையும் மேல்தளப் பூச்சையும் சரிசெய்ய 95,000 ரூபாய் ஆகும் என்கிறது குடியிருப்போர் சங்கம். செடான்காரருக்கு ஃபுல் இன்சூரன்ஸ், ஐடிவி (பாலிசியில் குறித்த காரின் மதிப்பு) 5,60,000 ரூபாய். பெரியவரிடம் இருப்பது தர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்பீடு) மட்டும். என்னுடையதும் காம்ப்ரிஹென்சிவ் (ஃபுல்) பாலிசி, ஐடிவி 3,10,000 ரூபாய். 'முழு நஷ்டத்தையும் ஏற்கிறேன்' என்று எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்கிறார்கள். மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் போட்ட 6 லட்சம் ரூபாய் எஃப்டியை உடைத்துக் கொடுத்துவிடலாமா? இரண்டு மாதத்துக்கு முன் சாலையோரக் கடை ஒன்றில் கூடுதல் ஹாரனும் ஃபாக் லேம்பும் பொருத்தினேன். அதைச் சொன்னால் பிரச்சினை வருமா என்ற பயமும் இருக்கிறது. (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: எஃப்டியைத் தொடாதீர்கள், அந்தக் கடிதத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். இரண்டாவதுதான் அவசரமானது. மோட்டார் பாலிசியின் நிபந்தனைகள் பகுதியில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் காப்பீடு பெற்றவர் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, பணம் கொடுக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். சங்கம் கேட்கிற ஒற்றை வரி அந்த நிபந்தனையை நேராக மீறுகிறது. அண்டை வீட்டாரின் மனம் கோணக் கூடாது என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் காகிதத்தையே காட்டி, உங்களுக்காகப் பணம் கட்ட வேண்டிய நிறுவனம் பின்வாங்க முயலும். அப்போது பெரியவருக்குப் பணம் வருவதும் இழுபறியாகும், உங்கள் பாதுகாப்பும் ஆட்டம் காணும்.

இப்போது பாலிசி ஆவணத்தை எடுத்து, பிரீமியக் கணக்குக்குக் கீழே 'லிமிட்ஸ் ஆஃப் லயபிலிட்டி' என்ற வரியைத் தேடுங்கள். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான உச்சவரம்பு அங்கேதான் இருக்கும். பெரும்பாலான தனியார் கார் பாலிசிகளில் அது 7,50,000 ரூபாய். நீங்கள் இவ்வளவு நாள் கட்டிவந்த தர்ட் பார்ட்டி பிரீமியத்துக்குள்ளேயே அடங்கிய பாதுகாப்பு இது. உங்கள் கார் 1,000 முதல் 1,500 சிசிக்குள் இருக்குமானால், அந்தப் பிரீமியம் 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 3,416 ரூபாய். அதே வரியில் 6,000 ரூபாய் என்று இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். நூறு ரூபாய் பிரீமியம் குறைகிறது என்பதற்காக இந்த வரம்பை 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக்கொள்ளும் வசதி முன்பு பரவலாக இருந்தது. வாடிக்கையாளருக்குச் சொல்லாமலே முகவர்கள் அதை டிக் செய்த பாலிசிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சந்தேகம், நின்றுகொண்டிருந்த வண்டிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்துமா என்பது. ஓட்டினால்தானே 'உபயோகம்' என்று நிறுவனத் தரப்பில் யாராவது வாதிடக்கூடும். 1987-ல் மகாராஷ்டிராவில் ஒரு பெட்ரோல் டேங்கர் லாரி மோதிக் கவிழ்ந்து, ஏறக்குறைய நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்தது. கசிந்த பெட்ரோலைப் பிடிக்கக் கூடியவர்கள் அது வெடித்துத் தீப்பற்றியதில் இறந்தார்கள். அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-ல், நிறுத்தி வைக்கப்பட்டோ பழுதாகியோ அசையாமல் இருக்கும் வாகனமும் உபயோகத்தில் இருப்பதாகவே கொள்ளத்தக்கது என்று விளக்கியது. உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று ஸ்பெயினில் நடந்தது. ஒரு நாளுக்கும் மேலாக வீட்டுக் கராஜில் அசையாமல் நின்ற காரின் மின்சுற்றில் தீப்பிடித்து வீடு சேதமான வழக்கில், அதுவும் வாகன உபயோகமே என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், சிந்தனை போகும் திசை ஒன்றுதான். அடுக்கக பார்க்கிங் பொது இடம் ஆகாது என்ற வாதமும் எழலாம். சட்டம் கட்டாயமாக்கும் பாதுகாப்பில் 'பொது இடம்' என்ற சொல் இருப்பது உண்மை. ஆனால் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் மூன்றாம் தரப்புப் பொறுப்பைச் சொல்லும் இரண்டாம் பிரிவு வழக்கமாக அதைவிட விரிந்த வாசகத்தில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் பாலிசியில் அந்தப் பிரிவை வரிவரியாகப் படித்து வையுங்கள்.

இவற்றைவிட முக்கியமானது, நீங்கள் சட்டப்படி பொறுப்பாளியா என்பது. உங்கள் காரில் தொடங்கிய தீ என்பதாலேயே நஷ்டம் முழுவதும் உங்கள் கடனாகிவிடாது. மரணத்துக்கும் கொடுங்காயத்துக்கும் யார்மேல் தவறு என்று பார்க்காமலே இழப்பீடு பெற மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆவது பிரிவு உண்டு; சொத்துச் சேதத்துக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. உங்கள் கவனக்குறைவால்தான் தீப்பிடித்தது என்று கேட்பவர் காட்டியாக வேண்டும். நிறுத்திய கார் தானாகப் பற்றி எரிவது வழக்கமில்லை என்பதால், காரணத்தை நீங்கள் விளக்குங்கள் என்று நீதிமன்றம் உங்களைக் கேட்கவும் கூடும். முறையாக சர்வீஸ் விட்ட ரசீதுகள் இருந்து, காரணமும் எலி கடித்த வயர் போல உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றாக இருந்தால், உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் 'வயரிங் சேதம், மாற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தும் நீங்கள் விட்டிருந்தால் நிலைமை வேறு.

இங்கேதான் அந்த ஹாரனும் ஃபாக் லேம்பும் வருகின்றன. சாலையோரக் கடைகளில் பல நேரம் ரிலேயும் ஃபியூஸும் வைக்காமல், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துவிடுவார்கள். சாவியை எடுத்துவிட்டாலும் அந்த வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதன் உறை ஏதாவது தகட்டில் உரசித் தேய்ந்தால், வண்டி நின்று ஆறேழு மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பொறி கிளம்பலாம். உங்கள் காரில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எரிந்த கூட்டில் பேட்டரிப் பக்கம் மிச்சமிருக்கும் செப்புக் கம்பியைத்தான் சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) முதலில் பார்ப்பார்; ஆகவே மறைப்பதால் பயனில்லை, பின்னால் வெளிவந்தால் பொய் சொன்னதாகவும் ஆகும். கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். அறிவிக்காமல் பொருத்திய அந்த உபகரணங்களின் விலை உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் சொந்தச் சேதக் கோரிக்கையில் நிறுவனம் தகராறும் செய்யலாம். ஆனால் மூன்றாம் தரப்பினருக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்க நிறுவனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள் சில மட்டுமே. ஓட்டுநர் உரிமம் இல்லாமை, பிரீமியம் போய்ச் சேராமை போன்றவை அவை. கூடுதல் ஹாரன் பொருத்தியது அந்தப் பட்டியலில் இல்லை.

இனி ஒவ்வொருவராகப் பார்ப்போம். செடான்காரரின் நஷ்டத்தை முதலில் தருவது அவருடைய பாலிசி. தீ, வெடிப்பு, தானாகப் பற்றுதல் ஆகியவை சொந்தச் சேதப் பிரிவில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட அபாயங்கள். தீ யாருடைய காரில் தொடங்கியது என்பது அங்கே பொருட்டில்லை. பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கணக்கிட்டு ஐடிவி தொகையைத் தருவார்கள். வாங்கிய அந்த 5,60,000 ரூபாயை அவர் உங்களிடம் மறுபடி கேட்க முடியாது. பாலிசி தராத மிச்சத்தை மட்டும் கேட்கலாம்: கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கோரிக்கையிலும் வண்டிக்காரரே ஏற்க வேண்டிய பகுதி) ஆயிரமோ இரண்டாயிரமோ, பிறகு பறிபோன நோ கிளெய்ம் போனஸ் (கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி). அவருக்கு 50 சதவீதப் போனஸ் இருந்து, சொந்தச் சேத அடிப்படைப் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் அவர் இழப்பது 12,500 ரூபாய். பணம் கொடுத்த அவருடைய நிறுவனம் அவர் இடத்தில் நின்று உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் உரிமை உண்டு. தனியார் கார்களில் 'நாக் ஃபார் நாக்' என்ற பரஸ்பர ஏற்பாட்டால் நிறுவனங்கள் அவரவர் வாடிக்கையாளரின் நஷ்டத்தை அவரவரே தாங்கிக்கொள்வது வழக்கம். ஒருவேளை அவர்கள் நோட்டீஸ் அனுப்பினால், பதில் எழுதாமல் அப்படியே உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். செடான், பெரியவரின் கார், கட்டடம் ஆகிய மூன்று நஷ்டங்களையும் கூட்டினால் 8,40,000 ரூபாய் ஆகிறது, வரம்பு 7,50,000 ரூபாய்தான் என்று நீங்கள் பதறலாம். அந்தக் கூட்டுத்தொகை முழுவதும் உங்களை நோக்கி வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

உண்மையில் சிக்கலில் இருப்பவர் எதிர்வீட்டுப் பெரியவர். தர்ட் பார்ட்டி பாலிசி அவருடைய வண்டியால் பிறருக்கு நேர்வதைத்தான் கவனிக்கும், அவருடைய வண்டியைக் கவனிக்காது. அவர் உங்கள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் உடனே காசோலை வந்துவிடாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவு இல்லாமல் இத்தகைய தொகையை நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை. ஆகவே நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியது, கேட்க விசித்திரமாக இருந்தாலும், இதுதான்: "ஐயா, என்மேலும் என் இன்சூரன்ஸ் கம்பெனிமேலும் மனு போடுங்கள்." சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றமே அந்தத் தீர்ப்பாயமாகவும் இயங்குகிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். உங்கள் கணக்கில் ஒரு மாதம் போய்விட்டது. விரும்பினால் அவர் தீர்ப்பாயத்துக்குப் பதில் சிவில் நீதிமன்றத்தையும் நாடலாம். மனு நிலுவையில் இருக்கும்போது மூன்று தரப்பும் சம்மதித்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளும் வழியும் உண்டு.

இதில் ஒரு சங்கடம் இருப்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அவர் ஜெயிக்க வேண்டுமென்றால் உங்கள் கவனக்குறைவு நிரூபணமாக வேண்டும். அவருக்கு உதவுவதற்காக இல்லாத தவறை ஒப்புக்கொள்வது நிறுவனத்தை ஏமாற்றுவதாகும். இருந்த தவறை மறைப்பது அவரை ஏமாற்றுவதாகும். கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டு முடிவைத் தீர்ப்பாயத்திடம் விடுங்கள். உங்கள்மேல் தவறில்லை என்று முடிவானால் சட்டப்படி அவர் நஷ்டம் அவரோடுதான். அதன் பிறகும் மனம் கேட்காமல் ஒரு தொகை கொடுக்க நினைத்தால், வழக்கு முடிந்தபின் கொடுங்கள். முன்பே கொடுக்க வேண்டிய நிலை வந்தால், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பெற்று, இறுதித் தீர்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கட்டடச் சேதமும் அதே 7,50,000 ரூபாய்க்குள்தான் வரும். சங்கம் கட்டடத்துக்குத் தீ காப்பீடு எடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எடுத்திருந்தால் 95,000 ரூபாயை அங்கே கோருவதுதான் விரைவு. கடிதம் கேட்பதில் இருந்த வேகத்தைச் செயலாளர் இதில் காட்டலாம். ஸ்கூட்டர் உங்கள் பெயரிலேயே இருப்பதால் கார் பாலிசியின் மூன்றாம் தரப்புப் பிரிவில் அதற்கு எதுவும் வராது. காப்பீடு பெற்றவரின் சொந்தச் சொத்து அதிலிருந்து விலக்கப்பட்டது. ஸ்கூட்டருக்கென்று தனியாகச் சொந்தச் சேதப் பாலிசி இருந்தால்தான் உண்டு.

உங்கள் காருக்கு, கோரிக்கை ஏற்கப்பட்டால், 3,10,000 ரூபாயில் கட்டாயக் கழிவு போக மீதி கிடைக்கும். கார் லோன் பாக்கி இருந்தால் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். தீயணைப்புத் துறையிடம் தீ விபத்துச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள், சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை எரிந்த கூட்டை நகர்த்த விடாதீர்கள். நிறுவனத்துக்கு இன்னும் எழுத்தில் தகவல் தரவில்லை என்றால், இதைப் படித்த கையோடு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஒரு மாதத் தாமதத்துக்குக் காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள். கோரிக்கையை மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டு, பிறகு மறுப்பு வந்த ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

சங்கத்துக்கு அவர்கள் கேட்ட கடிதத்துக்குப் பதிலாக இப்படி எழுதிக் கொடுங்கள்: "தீ விபத்து பற்றி என் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவித்துள்ளேன். என் பாலிசி எண்ணும் நிறுவனத்தின் முகவரியும் கீழே உள்ளன. பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கோரிக்கைகளையும் எஸ்டிமேட்டுகளையும் என்னிடம் எழுத்தில் தந்தால், அவற்றை அன்றைய தினமே நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கிறேன்." கொடுத்த பிரதியின் நகலில் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.