விதைக்குள் வந்த தேமல்

கேள்வி: இரண்டு கறவை மாடுகளுக்காகத் தீவனத் தட்டைப்பயறு விதை 4 கிலோ வாங்கினேன். பையில் பச்சை அட்டை, முளைப்புத் திறன் 90 சதவீதம். நன்றாகவே முளைத்தது. மூன்றாவது வாரம் இலைகள் திட்டுத்திட்டாக வெளிறிச் சுருங்கிவிட்டன. ‘பூச்சி வேலை’ என்கிறார் கடைக்காரர். கொஞ்சம் விதை மீதி இருக்கிறது. (வாசகி, பாகூர்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை, அம்மா. முளைப்புத் திறனை மட்டும் காட்டி விதை விற்பது எனக்கு நெடுநாள் மனக்குறை. விதைக்கு உயிர் இருக்கிறது என்றுதான் அந்த எண் சொல்கிறது, நோய் இருக்கிறதா என்று சொல்வதில்லை. இலையைத் திட்டுத்திட்டாக வெளிறச் செய்யும் தேமல் நோயின் வைரஸ் முளைக்கருவுக்குள்ளேயே தங்கி வரும். அந்த விதையும் ஒழுங்காக முளைக்கும். பச்சை அட்டை என்பது உற்பத்தியாளர் தாமே தரும் உறுதி. நீல அட்டைச் சான்று விதைக்கு உள்ள வயல் ஆய்வு இதற்குக் கட்டாயமில்லை. மாட்டுத் தீவனம்தானே என்று யாரும் கேட்பதுமில்லை.

கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. நோயுற்ற நாற்றில் அசுவினி என்ற சிறு பூச்சி சில நொடிகள் சாறு உறிஞ்சினாலே போதும், அடுத்த செடிக்குப் பரப்பிவிடும். மருந்து பட்டு அது சாவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆனால் நோயுள்ள முதல் நாற்று எங்கிருந்து வந்தது?

மீதி விதையில் 300 எண்ணி எடுங்கள். குழித்தட்டில் விதைத்து, அசுவினி நுழையாதபடி மெல்லிய வேட்டித் துணியால் மூடுங்கள். முதல் மூவிலை விரிந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பை ஒட்டிக் கரும்பச்சையும் இடையில் வெளிர்பச்சையுமாக இருந்தால் தேமல். துணிக்குள்ளேயே அது வந்தால் குற்றவாளி விதைதான். 100 விதையில் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், 3 சதவீதம் வரை ஒளிந்திருக்க இடமுண்டு. 300 என்றால் அது 1 சதவீதமாகக் குறையும்.

சில நாற்றுகள் நோயிருந்தும் குறி காட்டாது. அதற்குத்தான் எலிசா சோதனை. வைரஸின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் பூசிய குழியில் இலைச்சாற்றை விடுவார்கள். வைரஸ் இருந்தால் கடைசியில் மஞ்சள் நிறம் வரும். வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையில் விசாரியுங்கள். விதையாக அல்ல, நாற்று இலையாகக் கொடுங்கள். நாற்றுக்குப் போகாமல் விதைத்தோலோடு நின்றுவிடும் வைரஸையும் முழு விதைச் சோதனை காட்டிவிடும்.

கேள்வி: சிவப்பு மருந்து கலந்த விதைக்கு வைரஸ் வராதல்லவா? (பண்ருட்டி)

பதில்: வரும். அது பூஞ்சைக்கான மருந்து.

கேள்வி: வேலிமசால் என்ற தீவனப் பயிரின் விதையை வெந்நீரில் ஊறவைத்தால் வைரஸ் செத்துவிடுமா? (நெல்லிக்குப்பம்)

பதில்: சாகாது. கடினமான விதையுறையை இளக்கத்தான் வெந்நீர்.

கேள்வி: சந்தையில் சாக்கிலிருந்து பாதி விலைக்கு அள்ளி வாங்கினேன். ரசீது இல்லை, விற்றவரையும் தெரியாது. இழப்பீடு கிடைக்குமா? (குறிஞ்சிப்பாடி)

பதில்: யாரிடம் கேட்பீர்கள்? இதே பகுதியில் இப்படியே எழுதும் ஐந்தாவது ஆள் நீங்கள். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பவர் ரசீது தந்தே ஆக வேண்டும், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நான் ஒருமுறை ஒரு கடையில் வாங்கிய ரசீதில் ‘விதை 5 கிலோ’ என்று மட்டும் இருந்தது. எந்தத் தொகுதி விதை என்று காட்டும் குவியல் எண் இல்லை. தேமல் விழுந்த அரை ஏக்கரைக் காட்டியபோது, ‘இது எங்கள் விதைதான் என்பதற்கு என்ன சாட்சி?’ என்று கேட்டார்கள். வாயடைத்துத் திரும்பினேன். பயிர் முழுவதையும் மடக்கி உழ வேண்டியதாயிற்று.

கேள்வி: ரசீதும் அட்டையும் இருக்கின்றன. விதை முழுவதையும் விதைத்துவிட்டேன். மாதிரி இல்லாமல் வழக்கு நிற்குமா? (வில்லியனூர்)

பதில்: நிற்கும், தைரியமாகப் போங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் தீர்ப்பளித்தது. சோதனைக்கென்று விவசாயி விதையை எடுத்து வைத்திருக்க வேண்டும் என எதிர்பார்க்க முடியாது என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. பயிர் நிற்கும்போதே வேளாண் அலுவலரை வரவழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: தேமல் விழுந்த தட்டைப்பயற்றை மாட்டுக்குப் போடலாமா? (புவனகிரி)

பதில்: போடலாம். செடியின் வைரஸ் மாட்டைத் தொடாது. பூச்சிமருந்து அடித்திருந்தால் டப்பாவில் எழுதியுள்ள நாட்கள் கழித்து அறுங்கள். அந்தச் செடியில் ஒரு காயைக்கூட விதைக்கென்று விட்டுவைக்காதீர்கள்.