கரங்குனியிடம் போடுவதற்கு முன்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஒருவர் பழைய டேப் ரெக்கார்டரைப் பழுதுபார்க்க இடம் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில் 'வீட்டில் கச்சேரி கேசட் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்' என்று சும்மா ஒரு வரி சேர்த்தேன். இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே மத்திய சேம நிதி சந்தேகங்களுக்கும் முடி கொட்டுவதற்கும் இந்த மாதம் விடுமுறை.

மாமனார் தவறிப் போய் ஒரு வருடமாகிறது. அவர் அறையில் ஓர் அலமாரி நிறைய கேசட், பாதி அவரே கச்சேரிகளில் பதிவு செய்தது, பாதி நண்பர்களிடம் வாங்கிக் காப்பி எடுத்தது. வீடு மாறுகிறோம், புது வீட்டில் இடமில்லை. பழைய சாமான் வாங்க வரும் கரங்குனியிடம் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை.
(வாசகி, ஈசூன்)

மனசு வராமல் இருப்பதே நல்லது, அம்மா. சிங்கப்பூரில் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தவரை, இப்படி வீட்டைவிட்டுப் போன சாமான் என்றைக்காவது ஒரு தரைவிரிப்பில் மறுபடி தலைகாட்டும், அதைத் தேடி வருவதற்கென்றே ஆட்களும் இருந்தார்கள். 2017 ஜூலையில் அதையும் மூடியாயிற்று. இப்போது போனால் போனதுதான்.

முதலில் இரண்டாகப் பிரியுங்கள். அச்சடித்த அட்டையும் பாடகர் படமும் போட்டுக் கடையில் வாங்கியவை ஒரு பக்கம். இவற்றில் பெரும்பாலானவை வேறு வடிவில் கிடைத்துவிடும், இடமில்லை என்றால் விட்டுவிடலாம். டிடிகே, மேக்செல், சோனி என்று வெற்று கேசட்டாக வாங்கி, கையால் எழுதிய அட்டை செருகியவை இன்னொரு பக்கம். விஷயம் இங்கேதான் இருக்கிறது. அதிலும் இந்த ஊரில் நடந்தவற்றை, அதாவது கோயில் திருவிழா நாகசுவரம், சமூக மன்றத்து மெல்லிசைக் கச்சேரி, உள்ளூர்க் கலைஞர்கள் வாசித்தது இவற்றையெல்லாம் முதலில் எடுத்து வையுங்கள். மெட்ராஸ் டிசம்பர் சீசன் கச்சேரி என்றால் அதே நாளில் அங்கே இன்னும் சிலராவது பதிவு செய்திருப்பார்கள், இங்கே நடந்ததற்கு உங்கள் மாமனார் ஒருவரே சாட்சியாக இருக்கலாம்.

அட்டையையும் கேசட்டையும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து வைத்துச் செல்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார், எந்த இடம், என்ன தேதி, பி பக்கத்தில் எந்த இடத்தில் ராகம் அறுந்து போனது என்பதையெல்லாம் பொடி எழுத்தில் நுணுக்கி எழுதியிருப்பார்கள் அந்தக் காலத்து ஆட்கள். சத்தம் சுமாராக இருந்தாலும் அட்டை சரியாக இருந்தால் அந்த கேசட்டுக்கு மதிப்பு உண்டு. அட்டை தொலைந்தால், எவ்வளவு துல்லியமான பதிவாக இருந்தாலும் அது யாரோ எங்கேயோ என்றைக்கோ பாடியது, அவ்வளவுதான்.

தேதி எழுதவில்லையா? துப்பு இருக்கும். 'நேஷனல் தியேட்டர்' என்று போட்டிருந்தால் 1963க்குப் பிந்தியது, ரிவர் வேலி ரோட்டில் இருந்த அந்த அரங்கத்தை 1986ல் இடித்துவிட்டார்கள். (பக்கச்சுவரே இல்லாத அரங்கம் அது. கச்சேரி நடுவில் மழை பிடித்துக்கொண்டால் மழையும் சேர்ந்துதான் பதிவாகும்.) 'எஸ்பிளனேட்' என்றால் 2002 அக்டோபருக்குப் பிறகு. கேசட் வாங்கிய கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதில் தொலைபேசி எண்ணைப் பாருங்கள். நம் ஊர் எண்கள் எட்டு இலக்கமானது 2002 மார்ச்சில், ஏழு இலக்கம் என்றால் அந்த வெற்று கேசட்டை வாங்கியதே அதற்கு முன்னால்.

அப்புறம், ஆசை தாங்காமல் பரணில் கிடக்கும் பிளேயரில் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் பூஞ்சைக் காளான். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதை ஓட்டினால் டெக்கின் (பிளேயரின்) ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கும் பகுதியில், ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும், ஆகவே அவற்றைத் தனியாக வைத்து விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமானவற்றில் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டால், தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடா ஹெட்டைத் தொடும் இடத்தில் ஒரு குட்டிப் பஞ்சுத்துண்டு இருக்கும், பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாகக் கேட்கும். கேசட் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம், திருகாணி போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குச் சுருளை மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 வேண்டாம், வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் முழுசாக வையுங்கள். உள்ளூர்ப் பதிவுகள் கணிசமாகத் தேறினால் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ தேசிய நூலக வாரியத்துக்கோ ஒரு பட்டியல் அனுப்பிக் கேட்டுப் பாருங்கள். பட்டியல் போடுவதற்கும் அந்த அட்டைகள்தான் வேண்டும்.

கையில் இருக்கும் போனில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது. இரைச்சலும் இருமலுமாக இருக்கும் பழைய கேசட்டைக் கட்டிக்கொண்டு அழுவது எதற்கு? கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.
(வாசகர், பொங்கோல்)

கோபம் இல்லை, தம்பி. உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு.

பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். தோடி ராகத்தை அதற்குள் பாடு என்றால் என்ன பாடுவது? ஆலாபனையைக் கிள்ளிப் போட்டு, கீர்த்தனையை ஓட்டமாக ஓடி முடிப்பார்கள். பிறகு வந்த எல்பியிலும் ஒரு பக்கம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். கச்சேரியோ மூன்று மணி நேரம், சில சமயம் நான்கு. ஒரு வித்வான் நிரவலில் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு போகிறாரே, வயலின்காரர் விட்ட இடத்திலிருந்து சீண்டுகிறாரே, அதற்கெல்லாம் தட்டில் இடமே கிடையாது. கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968ல் காலமானார். இன்றைக்கு நாம் கேட்கும் அவருடைய பாட்டில் பெரும்பகுதி வானொலியும், ரசிகர்கள் ஸ்பூல் மெஷினை (கேசட்டுக்கு முந்திய பெரிய டேப் ரெக்கார்டர்) தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த கச்சேரிகளும்தான். அந்த ரசிகர்கள் இல்லையென்றால் அந்த ஸ்வரமழையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்ல நாம் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இருமல் இருக்கட்டுமே. நான் விரும்பிக் கேட்கும் ஒரு பதிவில், பக்கத்து நாற்காலிக்காரர் "காம்போதியா, ஹரிகாம்போதியா?" என்று மனைவியிடம் முணுமுணுக்கிறார். அந்த அம்மாள் "பேசாம கேளுங்களேன்" என்கிறார். கணினியில் இப்போது அந்தக் குரல்களைத் துடைத்தெடுத்துவிட முடியும், நான் துடைக்க மாட்டேன்.

சேகரித்ததில் இருந்த சுகத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காசு கொடுத்தால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா பக்கம் ஒரு கோப்பிக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை. "நீ எனக்குப் பெருமாள் கோயில் நாகசுவரம் தா, நான் உனக்கு மெட்ராஸ் மியூசிக் அகாடமி கச்சேரி தருகிறேன்" என்று பேரம் நடக்கும். மெட்ராஸிலிருந்து யாராவது வந்து இறங்கினால் ஊறுகாய் பாட்டிலுக்கு முன்னால் கேசட்டைத்தான் கேட்பார்கள். எவரிடம் மாஸ்டர் (முதல் பதிவு) இருக்கிறது, எவரிடம் மூன்றாம் காப்பி இருக்கிறது என்பது ஜாதகம் மாதிரி எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு காப்பிக்கும் 'உஸ்' என்ற இரைச்சல் ஒரு படி கூடும், ஆகவே மாஸ்டர் வைத்திருப்பவருக்குக் கோப்பி இலவசம். யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்து, 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வதற்காகவே வைத்திருந்த மகானுபாவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

பதிவு செய்வதும் லேசுப்பட்ட வேலை இல்லை. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். சி-120 வாங்கினால் ஒரு மணி நேரம் வரும், ஆனால் நாடா மெல்லிசு, இழுபடும், சிக்கிக்கொள்ளும், விவரம் தெரிந்தவர்கள் தொட மாட்டார்கள். ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, 40 நிமிடம் தாண்டியதும் எந்தக் கைதட்டலில் பக்கம் மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டும். அசந்து போனால், ஆலாபனை உச்சியில் மண்டபமே அசையாமல் இருக்கும் நேரத்தில் மடியிலிருக்கும் மெஷின் 'டக்' என்று நிற்கும். முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். கேசட் மிச்சம் பிடிப்பதற்காக, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மெஷினை நிறுத்திவிட்டு டிஃபனுக்குப் போனவர்கள்தான் அதிகம். எத்தனையோ மகா மிருதங்க வித்வான்களின் தனி அந்தக் கால கேசட்டுகளில் அகப்படாமல் போனதற்கு மெதுவடைதான் காரணம்.

எங்கள் அத்தா நாகூர் ஹனிபா இங்கே வந்து பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதில் ஹனிபா குரல் உயரும்போது வாத்தியமெல்லாம் காணாமல் போகிறது, அவர் நிறுத்தியதும் கூட்டத்தின் சத்தம் பொங்கிக்கொண்டு வருகிறது. கேசட் கெட்டுவிட்டதா?
(வாசகர், பிடோக்)

கெடவில்லை. அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டர்கள் பலவற்றில் சத்த அளவைத் தானாகவே சரிசெய்யும் ஏற்பாடு உண்டு. பெரிய சத்தம் வந்தால் அது மொத்தத்தையும் அமுக்கும், அமைதியானால் மொத்தத்தையும் தூக்கும். ஹனிபாவின் குரல் எப்பேர்ப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததா! அந்த மெஷின் பாவம், அவரைச் சமாளிக்கத் திணறியிருக்கிறது. கணினியில் ஓரளவு சமன் செய்யலாம், முழுசாக மீட்க முடியாது. அத்தாவின் நண்பர்கள் யாராவது மேடைக்குத் தள்ளி உட்கார்ந்து பதிவு செய்திருந்தால் அவர்களிடம் கேளுங்கள், அதில் இன்னும் சீராக இருக்கலாம்.

ஒரு கச்சேரி கேசட்டில் பாடகரின் சுருதி முதலில் சரியாக இருந்து, போகப் போக ஏறுகிறது. கடைசியில் சின்னப் பையன் குரல் போல ஆகிவிடுகிறது. என் டெக்கில் வேறு கேசட் சரியாகப் பாடுகிறது.
(வாசகர், சுவா சூ காங்)

உங்கள் டெக் மேல் தப்பில்லை, பதிவு செய்த அன்றைக்கு பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தானே செய்யும். நம் சங்கீதத்தில் ஒரு வசதி, பின்னால் சுருதி கொடுக்கும் தம்புரா கேட்டுக்கொண்டே இருக்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வேகம் ஏறத்தாழ ஆறு சதவீதம் கூடினால் ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதாகக் கேட்கும் (கட்டை என்பது சுருதியின் அளவு), இந்தக் கணக்குப் போதும். பாடகருடைய உண்மையான கட்டை எது என்று தெரிந்திருக்க வேண்டும், அது முக்கியம்.

கேட்காமல் கொள்ளாமல் பதிவு செய்வது திருட்டு இல்லையா? எண்பதுகளில் இங்கே திருட்டு கேசட் விற்றவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

வித்தியாசம் உண்டு, ஆனால் உங்கள் கேள்வியைத் தட்டிவிட மாட்டேன். நீங்கள் சொல்லும் ஆட்கள் கம்பெனி வெளியிட்ட கேசட்டை அப்படியே நகலெடுத்து விற்றவர்கள். 1987ல் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை நம் ஊர் அதற்குப் பேர் போனதாக இருந்தது. கச்சேரி டேப் சேகரித்தவர்கள் கடையில் கிடைக்காததைப் பதிவு செய்தார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள், பெரும்பாலோர் விற்கவில்லை. விற்ற சிலரை அந்த வட்டமே ஒதுக்கி வைத்தது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு 1984ல் தங்கள் கச்சேரியில் டேப் எடுப்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது, மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்ற ஏற்பாட்டோடு. இங்கேயும் சில வித்வான்கள் சிரித்துக்கொண்டே மைக்கை நகர்த்தி வைக்க இடம் கொடுத்தார்கள். வேறு சிலர் மேடையிலிருந்தே கடிந்துகொண்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தொண்டை கட்டிய ஒரு நாளின் பாட்டு காலத்துக்கும் ஊர் ஊராகச் சுற்றுவதை யார்தான் விரும்புவார்கள்?

சட்டம் கலைஞர் பக்கம்தான். நடப்பில் உள்ள 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் மேடையில் பாடுபவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. வீட்டில் கேட்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஏற்றத் தோன்றினால் பாடியவரையோ அவர் குடும்பத்தையோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஈசூன் வாசகிக்கு அட்டையைப் பற்றி அவ்வளவு சொன்னேனே, அந்தத் தொல்லை வெள்ளைக்காரர்களையும் விடவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் 1966 கச்சேரி ஒன்று, லண்டனில் உள்ள 'ராயல் ஆல்பர்ட் ஹால்' அரங்கத்தின் பெயரில் வருடக்கணக்காகக் கள்ளத்தனமாகச் சுற்றியது. அது லண்டனே இல்லை, மே 17 அன்று மான்செஸ்டரில் நடந்தது. 1998ல் கம்பெனியே அதை முறைப்படி வெளியிட்டபோது, தப்புப் பெயர் அவ்வளவு பிரபலமாகிவிட்டதால், அதையே மேற்கோள் குறிக்குள் போட்டு விற்றார்கள்!

நீங்கள் வைத்திருக்கும் கச்சேரிகளில் சிலவற்றைக் காப்பி எடுத்துத் தருவீர்களா?
(வாசகர், செங்காங்)

அதற்கென்ன, தரலாம். பதிலுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது?