ஏற்காட்டுல இருக்கேன், தலைப்பிரசவம், எப்படி தயாராகுறது?

ஒன்பதாம் மாசம், வலி வந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்குன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல ரோடுதாங்க விஷயம், சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு, அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு தேதி நெருங்குறப்பவே கீழ சொந்தக்காரங்க வீட்ல வந்து தங்கிடுங்க. பொய்வலி கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிடும், நெஜ வலி அடங்காது, இடைவெளி குறைஞ்சுகிட்டே வரும். பனிக்குடம் உடைஞ்சாலோ ரத்தம் பட்டாலோ குழந்தை அசைவு கொறைஞ்சாலோ வலிக்காக காத்திருக்காம 108-க்கு போன் போடுங்க. மனசுக்குன்னா, மூச்ச மெதுவா வெளிய விட இப்பவே பழகுங்க, நான் அதத்தான் புடிச்சுகிட்டு கெடந்தேன். அரசு ஆஸ்பத்திரில பிரசவ ரூம்ல ஒரு பொம்பள துணைக்கு இருக்கலாம், தைரியசாலியா பாத்து கூட்டிட்டுப் போங்க, எங்கம்மா என்னவிட அதிகமா அழுதாங்க.